சத்தம் நின்றபின் பதினைந்து நிமிடம்

அடிலெயிட்
12.8.1989

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

குருநகர் லூர்த்தம்மாவின் மகன் கனிசியஸ் எழுதுவது. மானிப்பாயில் வாகனம் திருத்தும் கராச்சில் வேலை செய்த அதே கனிசியஸ்தான். நான் ஆரென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்கிறாள் உங்கள் மகள். ஆனாலும் இது நான் உங்களுக்கு எழுதும் முதற் கடிதம். முறையாகத் தொடங்க வேண்டுமல்லவா?

மார்ச் மாதம் எங்கள் கலியாணம் பதிவானது. நீங்கள் சம்மதிக்கவில்லை. அருந்ததி கொழும்புக்கு பஸ் ஏறிய அன்று நீங்கள் அறையை விட்டு வெளியே வரவும் இல்லை. குறையாக இதை எழுதவில்லை. அவளை நான் சமயம் மாறச் சொல்லவில்லை என்பதை மட்டும் நீங்கள் அறிய வேண்டும். உங்கள் பிள்ளையாரும் எங்கள் மாதாவும் ஒரே சுவர்த்தட்டில் இருக்கிறார்கள். சண்டை பிடிப்பதாகத் தெரியவில்லை.

கடிதத்தின் காரணத்துக்கு வருகிறேன். ஒக்டோபர் கடைசியில் எனக்கு மூன்று கிழமை லீவு. நாலு சில்லும் இழுக்கும் பழைய ஜீப் ஒன்றை வாங்கி நானே திருத்தி வைத்திருக்கிறேன். இந்த நாட்டின் நடுவிலுள்ள பாலை நிலத்துக்கு நாங்களே ஓட்டிக்கொண்டு போவதாக யோசனை. இருபது மைலுக்கு ஒரு வீடுகூட இல்லாத இடம். அதன் நடுவில் டல்ஹவுசி என்று ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. எங்கள் முதலாளி அதன் படத்தைக் காட்டியதும் அருந்ததி துள்ளி எழும்பினாள்.

"இது எங்கடை கீரிமலைக் கேணியெல்லோ! கனி, நான் இதிலை குளிக்கவேணும்."

"கீரிமலையிலை கடல் இருக்கு. இதைச் சுத்தி ஆயிரம் மைல் மண்."

"மண்ணும் கடல்தான். அப்பாவிட்டை வழி கேள். முப்பத்தொரு வருசம் றோட்டுக் கீறின மனிசன்."

வழி கேட்பதெல்லாம் சாட்டு என்று எனக்குத் தெரியும். நீங்கள் ஒரு வரி எழுத வேண்டும், அதுதான் அவளுக்குத் தேவை. நான் எண்பத்து மூன்று டிசம்பரில் வெளிக்கிட்டவன். அதற்குப் பிறகு அங்கே நடந்ததெல்லாம் எனக்குப் பேப்பரில் படித்த சங்கதி. அவள் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. உங்களைப் பற்றித்தான் கதைக்கிறாள்.

அவள் சுகம். ஒரே ஒரு முறைப்பாடு: காதுத் தோட்டை அடிக்கடி விழுத்துகிறாள். போன ஞாயிறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் மேசைக்குக் கீழே போய்த் தேடினாள். கனநேரம் எடுத்தது.

இப்படிக்கு,
கனிசியஸ்


புத்தூர்
9.9.1989

திரு. கனிசியஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் இம்மாதம் முதலாந் திகதி பிற்பகல் கிடைத்தது. பதில் எழுத எட்டு நாட்கள் எடுத்தேன். எழுதுவது சரியா என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை.

திருமணம் பற்றி எதுவும் எழுதமாட்டேன். பாதுகாப்பு என்பது வேறு விடயம். அதில் எனக்குக் கடமை உண்டு.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நில அளவைத் திணைக்களத்தில் நான் படவரைஞனாக இருந்தேன். மற்றவர்கள் வெயிலில் நடந்து அளந்ததை மேசையில் இருந்து கீறியவன். நான் கீறிய தெருக்களில் பத்தில் ஒன்றைக்கூட நடந்து பார்த்ததில்லை. ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தெட்டில் அம்பாந்தோட்டைப் பக்கம் இரண்டு மாதம் முகாமில் இருந்தேன். அதிலும் மூன்று வாரம் காய்ச்சல். ஆகவே பின்வருவனவற்றை அறிந்தவன் ஒருவனிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: ஒரு வாகனமாகப் போகவேண்டாம். இரண்டாகப் போங்கள். இரண்டு: தண்ணீரை ஒரே கலனில் வைக்காதீர்கள். ஒரு கலன் ஓடினால் மற்றது இருக்கும். மூன்று: புறப்படும் இடத்தில் பொறுப்பான ஒருவரிடம் பாதையையும் திரும்பும் நாளையும் எழுதிக் கொடுங்கள். நான்காவதுதான் முக்கியம். வாகனம் பழுதாகி நின்றால் எவரும் அதை விட்டு நீங்கக்கூடாது. நான் சொன்ன முகாமில் அந்த வருடம் ஒரு ஜீப் காட்டுக்குள் நின்றுவிட்டது. சாரதி உதவி தேடி நடந்தான். ஜீப்பில் இருந்த இருவரையும் மூன்றாம் நாள் உயிருடன் கண்டோம். சாரதியைப் பதினோராம் நாள் கண்டோம். தேடுகிறவனின் கண்ணுக்கு மனிதன் புள்ளி. வாகனம்தான் தெரியும்.

இன்னும் மூன்று எழுதி அடித்துவிட்டேன். அவை எனக்கே விளங்கவில்லை.

என் மனைவி பூரணம் பக்கத்தில் நிற்கிறாள். "இஞ்சாருங்கோ, தோட்டுக்குச் சுரையை இறுக்கிப் பூட்டச் சொல்லி எழுதுங்கோ. அது என்ரை அம்மாவின்ரை தோடு" என்கிறாள். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
க. பரமலிங்கம்


அடிலெயிட்
14.10.1989

ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அருந்ததி வாசலிலேயே நின்று வாசித்தாள். "பார்த்தியே, அப்பாவின்ரை சட்டம் கடல் தாண்டியும் வந்திட்டுது. வீட்டு அலுமாரிக் கதவிலையும் ஒரு தாள் ஒட்டி வைச்சிருந்தவர்" என்று சிரித்தாள். அந்தத் தாளில் என்ன இருந்தது என்று கேட்டேன். "அது அங்கத்தைய சட்டம். இஞ்சை தேவையில்லை" என்றாள். பிறகு குசினிக்குள் போய்க் கனநேரம் நின்றாள். உங்கள் கடிதத்தை இப்போது தன் கைப்பையில் வைத்திருக்கிறாள்.

இரண்டாவது வாகனம் கிடைக்கவில்லை. கூட வருவதாகச் சொன்னவர் பின்வாங்கிவிட்டார். மற்ற மூன்றையும் கைக்கொள்வோம். தண்ணீர் நாலு கலன். இருபத்துமூன்றாம் திகதி புறப்படுகிறோம். ஊற்றைக் கண்டதும் படம் எடுத்து அனுப்புவோம்.

மாமா என்று எழுதலாமா என்று அவளைக் கேட்டேன். "அவசரப்படாதை. முதல் போயிட்டு வந்து எழுது" என்றாள்.

கனிசியஸ்


புத்தூர்
20.11.1989

கனிசியசுக்கு,

உமது தந்தி இம்மாதம் ஆறாந் திகதி வந்தது. தபாற்காரன் அதைத் தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் பேனையைத் தொடவில்லை. இன்று தொடுகிறேன். அழுவதற்கல்ல, ஒரே ஒரு கேள்வி கேட்பதற்கு.

தந்தியில் 'நான் உதவிக்கு நடந்தேன், அவள் வாகனத்தில் இருந்தாள்' என்று எழுதியிருந்தீர். நான்காவது அறிவுறுத்தல் என்ன? நான் எழுதினேனா இல்லையா? பிரதி என்னிடம் இருக்கிறது. நேற்றும் எடுத்துப் பார்த்தேன். எவரும் வாகனத்தை விட்டு நீங்கக்கூடாது. எவரும் என்றால் அதற்குள் நீரும் அடக்கம். நீர் ஏன் நடந்தீர்? முன்பின் அறியாத தேசத்தில், ஆளரவமற்ற இடத்தில், ஒரு பெண்பிள்ளையைத் தனியே விட்டு நடக்க உமக்கு எப்படி மனம் வந்தது?

சம்மதிக்காததற்காக என்னை ஊரில் பலர் பேசினார்கள். சாதி பார்த்தேன், சமயம் பார்த்தேன் என்றார்கள். உண்மையில் நான் பயந்தேன். சொந்தக்காரர் என்ன சொல்வார்கள் என்ற பயம். அந்தப் பயம் கேவலமானது என்று சில காலமாக எண்ணத் தொடங்கியிருந்தேன். இப்போது அது பிழையல்ல என்று நினைக்கிறேன்.

என் மகளை நான் இங்கே ஐந்து வருடம் உயிருடன் வைத்திருந்தேன். உமக்கு எட்டு மாதம் முடியவில்லை.

பரமலிங்கம்


அடிலெயிட்
11.12.1989

ஐயா,

நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லும் பிழையில்லை. நான் நடந்தேன். அது என்னுடைய பிழை. அதை நான் சாகும்வரை வைத்திருப்பேன். ஆனால் நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். எனக்கு உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது.

இருபத்தேழாம் திகதி பின்னேரம், பெரிய பாதையை விட்டு ஊற்றுக்குப் போகும் குறுக்குப் பாதையில் முன் அச்சு முறிந்தது. நான் மாற்றிப் பூட்டிய அச்சுத்தான். ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தோம். ஒரு வாகனமும் வரவில்லை. எதிர்பாராத வெக்கை. வந்த வழியில் இருபத்தேழு மைலில் ஒரு மாட்டுப் பண்ணை இருந்தது. இரவில் நடந்தால் விடியப் போய்ச் சேரலாம் என்று நினைத்தேன். இருபத்தெட்டாம் திகதி பொழுதுபட அவளிடம் சொன்னேன்.

"நாலாஞ் சட்டம்" என்றாள்.

அப்போது நான் ஒன்று சொன்னேன், ஐயா. அதை உங்களுக்கு மறைக்கக்கூடாது. "உன்ரை கொப்பர் சட்டம் எழுதுவார். மகள் எப்பிடி இருக்கிறாள் எண்டு ஒரு வரி எழுதினவரே?" என்றேன். நான் வெளிக்கிடும்போது போத்தலில் தண்ணீர் நிரப்பி என் கையில் தந்தாள். "நான் இதைவிட்டு அசையமாட்டன். நீ போயிட்டு வா" என்று மட்டும் சொன்னாள்.

வழியில் காலைச் சுளுக்கிக்கொண்டேன். பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தது முப்பதாந் திகதி காலை. பதினொரு மணிக்குத் தேடும் விமானம் எழும்பியது. நடுப்பகல் ஜீப்பைக் கண்டுவிட்டார்கள். கதவு திறந்தபடி. உள்ளே ஆளில்லை. பனை உயரத்துக்குப் பதிந்து நாலுதரம் சுற்றினார்களாம். அசைவே இல்லை. அவள் என் பின்னால் நடந்திருப்பாள் என்று பாதை வழியே தேடினார்கள். அடுத்த நாள் காலையும் வந்து சுற்றினார்கள். தரை வழியே போனவர்கள் பின்னேரம்தான் அவளைக் கண்டார்கள். ஜீப்பிலிருந்து இரண்டு மைலில். அன்று காலைவரை உயிர் இருந்திருக்கும் என்றார் டொக்டர். ஜீப்பில் இரண்டு கலன் தண்ணீர் தொடாமல் இருந்தது.

இனித்தான் நான் கேட்க நினைப்பது.

தடம் பார்த்தவர் அந்த மண்ணின் பூர்வ குடியைச் சேர்ந்த ஒரு முதியவர். அவர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "உன் மனைவி வழி தவறி நடந்தவள் அல்ல. ஓடியிருக்கிறாள். நேராக ஓடவில்லை. மரத்துக்கு மரம். ஒவ்வொரு மரத்தின் கீழும் படுத்திருக்கிறாள். எதற்கோ ஒளித்திருக்கிறாள்." இரண்டாவது மரத்தடியில் அவளுடைய வெள்ளை மேற்சட்டையை மண்ணுக்குள் புதைத்திருந்தாள். கடைசி மரத்தின் கீழ் குப்புறக் கிடந்தாள். விரல்கள் இரண்டும் காதுக்குள். துப்பட்டாவின் நுனி பற்களுக்கிடையில்.

பொலிஸ்காரர் என்னை இரண்டு நாள் விசாரித்தார்கள். நான் அடிப்பேனா என்று கேட்டார்கள். அவளுக்கு மூளைப் பிசகு உண்டா என்று கேட்டார்கள். யாருக்கு ஒளித்தாள் என்று கேட்டார்கள்.

ஐயா, அவளை இருபத்தாறு வருடம் தெரிந்தவர் நீங்கள். அசையமாட்டன் என்று சொன்னவள் ஏன் ஓடினாள்? எனக்கா ஒளித்தாள்?

கனிசியஸ்


புத்தூர்
19.1.1990

கனிசியசுக்கு,

கடிதம் கிடைத்தது. நீர் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல இயலாது. கடும் வெப்பத்தில் புத்தி பேதலிப்பதுண்டு என்று வைத்திய நூல்களில் படித்திருக்கிறேன். அப்படித்தான் இருக்க வேண்டும். இதற்குமேல் ஆராய்வதால் யாருக்கும் பயனில்லை.

என் உடல்நிலை சரியில்லை. அலுமாரியில் இருக்கும் மாற்று வேட்டியைக்கூட எடுக்கவில்லை. கதவைத் திறக்கக் கை வரவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

இனி எழுதவேண்டாம்.

பரமலிங்கம்


அடிலெயிட்
25.3.1990

ஐயா,

எழுதவேண்டாம் என்றீர்கள். மன்னிக்கவும்.

வேலையை விட்டுவிட்டேன். ஜீப்பைக் கொண்டுவந்து தந்தார்கள். பின்வளவில் நிற்கிறது. இங்கே நம்மவர்கள் வந்து ஆறுதல் சொல்வார்கள். போகும்போது வாசலில் நின்று கதைப்பது கேட்கும். "பெட்டை இவனை விட்டிட்டுப் போகத்தான் வெளிக்கிட்டிருக்கு. பாவம், வழி தெரியேல்லை." எனக்கும் அப்படித்தான் படுகிறது. நான் சொன்ன கடைசி வார்த்தை அவளுடைய தகப்பனைக் குத்தியது. அதற்குப் பிறகு அவள் ஏன் எனக்காகக் காத்திருக்க வேண்டும்?

வெக்கையில் புத்தி மாறியிருக்கும் என்கிறீர்கள். புத்தி மாறியவள் சட்டையைக் கழற்றி அவ்வளவு ஒழுங்காக மடித்துப் புதைப்பாளா? மடித்திருந்தாள், ஐயா.

அவளை உங்கள் முறைப்படி தகனம் செய்தேன். சாம்பல் ஒரு செப்புக்குள், பிள்ளையாருக்கும் மாதாவுக்கும் நடுவில் இருக்கிறது. உங்கள் ஆட்கள் கீரிமலையில்தான் கரைப்பார்கள் என்று தெரியும். அனுப்பவா, வைத்திருக்கவா? அதையாவது சொல்லுங்கள். மற்றதற்குப் பதில் தெரிந்திருந்தும் என்னை நோகடிக்கக்கூடாது என்று நீங்கள் மறைத்தால் தயவுசெய்து மறைக்க வேண்டாம். அவள் என்னை வெறுத்துத்தான் போனாள் என்றால் அப்படியே எழுதுங்கள். தெரியாமல் இருக்க முடியவில்லை.

கனிசியஸ்


புத்தூர்
17.9.1990

கனிசியசுக்கு,

ஜூனில் திரும்பவும் சண்டை தொடங்கியதிலிருந்து தபால் இல்லை. செஞ்சிலுவைக் கப்பலில் கடிதங்கள் போகின்றன என்கிறார்கள். இது எப்போது கிடைக்கும் என்று தெரியாது. ஆனால் தபால் இருந்த ஏப்ரலிலும் மேயிலும் நான் எழுதவில்லை. ஆகவே தபாலைச் சாட்டுச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

முதலில் உம்முடைய தாயார் நலம். எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். கோட்டைப் பக்கம் ஷெல்லடியில் குருநகரே எழும்பி வெளியேறிவிட்டது. ஜூலையில் ஒரு காலை படலையில் ஒரு மூட்டையுடன் வந்து நின்றார். "ஐயா, உங்கடை மகள் எனக்கு மருமகள். உள்ளுக்கு விடுறியளோ, இல்லாட்டி சம்பந்தி முறைக்கு மேளதாளத்தோடை வரட்டோ?" என்றார். பூரணம் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். இரண்டு பேரும் அன்று மத்தியானம்வரை அழுதார்கள். நான் கிணற்றடியில் நின்றேன்.

ஆகஸ்ட் பதினான்காந் திகதி பொம்பர் விமானம் வந்தது. நாங்கள் மூவரும் முற்றத்தில் நின்றோம். பங்கர்க் குழிக்கு ஓட நேரமில்லை. உம்முடைய தாயாரை மாமரத்தின் கீழ் இழுத்துக் குப்புறப் படுக்க வைத்தேன். அவர் தோளில் கிடந்த வெள்ளைத் துவாயைப் பறித்து மண்ணுக்குள் திணித்தேன். காதுக்குள் விரலை விடச் சொன்னேன். சேலைத் தலைப்பைக் கடிக்கச் சொன்னேன். சத்தம் நின்றதும் அவர் எழும்பப் பார்த்தார். "பதினைந்து நிமிடம்" என்று கையை அமர்த்தினேன். மணிக்கூட்டைப் பார்த்தபடி படுத்திருந்தோம்.

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். உம்முடைய கடிதங்களில் இருந்ததெல்லாம் அவருக்கும் தெரியும் போலும்.

"ஐயா, உதை ஆர் உங்களுக்குப் படிப்பிச்சது?"

"நானாகத்தான்."

"பிள்ளைக்கு?"

"நான்தான்."

அவர் பதினைந்து நிமிடமும் முடிந்து எழும்பி மண்ணைத் தட்டியபின் சொன்னார்: "அப்ப என்ரை பொடியன் அங்கை ஒரு வருசமா என்னத்துக்குச் சாகிறான்? எழுதுங்கோ."

அதன் பிறகும் ஒரு மாதம் எடுத்தேன். இப்போது எழுதுகிறேன்.

அலுமாரிக் கதவிலுள்ள தாள் பற்றி அருந்ததி உம்மிடம் சொன்னாள் அல்லவா? எண்பத்தாறில் இராணுவ ஹெலிகொப்டர்கள் தெருவில் போகும் வாகனங்களைச் சுடத் தொடங்கியபோது நான் எழுதி ஒட்டியது. சத்தம் கேட்டதும் வாகனத்தை விட்டு ஓடு, வாகனத்தைத்தான் முதலில் சுடுவான். வெள்ளை உடுப்பைக் கழற்றி மறை. மரத்துக்கு மரம் ஓடு, அது சுற்றித் திரும்பும்போது மட்டும் ஓடு. மேலே பார்க்காதே, முகம் மினுங்கும். குப்புறப் படுத்துக் காதைப் பொத்தித் துணியைக் கடி. சத்தம் நின்றபின்னும் பதினைந்து நிமிடம் அசையாதே, அது திரும்பி வரும். இவற்றைத் தினமும் மாலையில் அவளைக்கொண்டு செய்வித்தேன். மணிக்கூடு பிடித்தேன். "அப்பா, ஹெலிக்காரனும் உங்கடை மணிக்கூட்டைப் பார்த்தே சுடுவான்?" என்று பகிடி பண்ணுவாள். ஆனால் செய்வாள். துணியை மடித்துத்தான் மறைப்பாள். தாயைப்போல.

எண்பத்தேழு மேயில் அவள் மினிவானில் வந்துகொண்டிருந்தாள். ஆவரங்காலில் சத்தம் கேட்டது. இவள் குதித்து ஓடிப் பனைகளுக்குள் படுத்தாள். வானில் இருந்தவர்களில் நான்கு பேர் இறந்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து என் காலடியில் இருந்துகொண்டு, "உங்கடை தாள்தான் அப்பா" என்றாள். என் வாழ்க்கையில் நான் ஒன்றைச் சரியாகச் செய்தேன் என்று நினைத்த நாள் அது ஒன்றுதான்.

உம்முடைய டிசம்பர்க் கடிதத்தில் மரத்துக்கு மரம் என்ற வரியிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பதிந்து வந்த விமானத்தின் சத்தத்தில் அவள் புத்தூரில்தான் இருந்திருக்கிறாள். அது தன்னைக் காப்பாற்ற வருகிறது என்று நினைக்க அவளுக்கு அவகாசமில்லை. கால்கள் முந்திவிட்டன. நாலுதரம் சுற்றியது என்றீர். நாலுதரமும் அவள் ஓடியிருப்பாள். அது போனபின் பதினைந்து நிமிடம் படுத்திருந்து எழும்பிப் பார்க்கும்போது ஜீப் எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்காது. மேசைக்குக் கீழே அவள் தேடியது தோட்டையும் அல்ல. அன்று உங்கள் வீட்டுக்கு மேலே ஏதாவது பறந்திருக்கும்.

நான் உமக்கு நான்காவது அறிவுறுத்தலை எழுதியபோது என் முதுகுக்குப் பின்னால் அலுமாரிக் கதவில் அதற்கு நேர்மாறானது ஒட்டியிருந்தது. திரும்பிப் பார்த்திருந்தால், 'மகளே, அங்கே வானத்தில் வருவது சிநேகிதன், வெளியே வந்து நில்' என்று ஒரு வரி எழுதியிருப்பேன். ஒரு வரி. அவளுக்கென்று நான் அந்தக் கடிதத்தில் எதுவுமே எழுதவில்லை. நீர் அவளிடம் சொன்னது சரி. வீம்பு.

ஜனவரியில் உமக்குப் பொய் எழுதினேன். உம்மை எட்டு மாதம் அந்தப் பொய்யுடன் இருக்கவிட்டேன். காரணம் பயம். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அவள் உமக்கு ஒளிக்கவில்லை. அசையமாட்டன் என்று உமக்குத் தந்த வாக்கை என் சட்டம் வந்து முறித்தது.

தாளைக் கிழிக்கப் போனேன். பூரணம் தடுத்தாள். "கிழிச்சுப்போட்டு? நாளைக்கு அவன் வந்தால் என்ன செய்யிறது?" என்றாள். அவள் சொல்வது சரி. அது இன்னும் ஒட்டியிருக்கிறது. நேற்றும் தேவைப்பட்டது.

சாம்பலை இங்கே அனுப்ப வேண்டாம். கீரிமலைக்கு இப்போது ஒருவரும் போகமுடியாது. வடக்குக் கரை முழுவதும் அடைபட்டுவிட்டது. அவள் குளிக்க ஆசைப்பட்ட ஊற்று அங்கே இருக்கிறதே. உம்மால் முடியும் என்று மனம் சொல்லும் காலத்தில் அதில் கரையும். தனியே போகவேண்டாம். விமானம் வந்தால் வெளியில் வந்து வெள்ளைத் துணியைக் காட்டி நில்லும்.

நீர் என்னை எப்படி அழைப்பது என்று அவளிடம் கேட்டதாக எழுதியிருந்தீர். நீர் விரும்பியபடி அழைக்கலாம். அதற்கு எனக்குத் தகுதி உண்டா என்பது வேறு விடயம்.

பரமலிங்கம்


அடிலெயிட்
4.8.1991

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் போன பெப்ரவரியில் வந்தது. ஐந்து மாதப் பயணம். வாசித்துவிட்டு அன்று முழுக்க மேசைக்குக் கீழே இருந்தேன். வேறெங்கும் இருக்கத் தோன்றவில்லை. அம்மாவின் சுகம் எழுதியதற்கு நன்றி. அவ பூரணம் மாமியோடு சண்டை பிடிக்காமல் இருந்தால் அதிசயம்.

உங்களை மன்னிக்கிறேன் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. நானும் நடந்தவன். ஒன்று மட்டும் சொல்கிறேன். பதினாறு மாதத்துக்குப் பிறகு அன்றிரவுதான் நித்திரை கொண்டேன்.

பின்வளவில் நின்ற ஜீப்பை ஏப்ரலில் திருத்தத் தொடங்கினேன். அச்சைப் புதிதாகவே போட்டேன். முதலாளியும் தன் வாகனத்தில் வந்தார். ஆகவே இரண்டு வாகனம். எட்டுக் கலன் தண்ணீர். பாதையையும் திரும்பும் நாளையும் எழுதி மூன்று பேரிடம் கொடுத்தேன். இம்முறை குளிர்காலத்தில் போனோம். உங்கள் கடிதத்தைப் பக்கத்து இருக்கையில் வைத்திருந்தேன், அவளுடைய கைப்பையோடு. அதற்குள் உங்கள் முதற் கடிதமும் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் அவள் பென்சிலால் எழுதிப் பார்த்திருக்கிறாள்: 'அன்புள்ள அப்பா, இங்கே வானம் சரியான அமைதி. நீங்கள் வந்தால்…' அவ்வளவுதான். மிச்சம் இல்லை. எப்போது எழுதினாள் என்று தெரியவில்லை. அந்தத் தாளை இதனுடன் வைத்து அனுப்புகிறேன். அது உங்களுக்கு உரியது.

முறிந்த இடத்தில் நின்றோம். அந்த மரங்களை எண்ணினேன். ஐந்து. மூன்றாவது மரத்துக்கும் நாலாவதுக்கும் இடையில் ஒரு பெரிய வெட்டைவெளி இருக்கிறது. அதை அவள் எப்படிக் கடந்தாளோ.

ஊற்று அடுத்த நாள் வந்தது. சுற்றிலும் சிவப்பு மண். நடுவில் பச்சையாய் ஒரு குளம், ஆவி பறந்தபடி. கீரிமலை போல் இல்லை, மாமா. ஆனால் இறங்கி நின்றபோது கால் விரலுக்குள் சின்ன மீன்கள் கொத்தின. அவளுக்குக் கூச்சம் தாங்காது, கத்தியிருப்பாள். செபமும் சொன்னேன், எனக்குத் தெரிந்த ஒரு தேவாரமும் சொன்னேன். நாலு வரிக்கு மேல் வரவில்லை. கழுத்தளவு தண்ணீரில் நின்று செப்பைத் திறந்தேன். சாம்பல் கொஞ்ச நேரம் என்னைச் சுற்றியே நின்றது. பிறகு போய்விட்டது.

கரைக்கு ஏறித் துவட்டிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. பண்ணைகளுக்குத் தபால் கொண்டுபோகும் சின்ன விமானம். பதிந்து வந்தது. முதலாளி தொப்பியை ஆட்டினார். நீங்கள் எழுதியபடி நானும் வெள்ளைத் துவாயுடன் வெளியில் போய் நின்றிருக்க வேண்டும்.

நான் துவாயை மடித்து மண்ணுக்குள் வைத்தேன். கரையில் நின்ற மரத்தின் கீழ் குப்புறப் படுத்தேன். காதுக்குள் விரலை விட்டேன். முதலாளி ஓடிவந்து என்ன என்ன என்று கேட்பது தூரத்தில் கேட்டது. விமானம் இரண்டு நிமிடத்தில் போய்விட்டது.

சத்தம் நின்றபின் மணிக்கூட்டைப் பார்த்தபடி பதினைந்து நிமிடமும் அசையாமல் கிடந்தேன், மாமா. மண் நல்ல சூடு. ஒரு நிமிடம்கூடக் குறைக்கவில்லை.

உங்கள் மருமகன்,
கனிசியஸ்